அய்யனார் காத்த காடு
(புதுக்கோட்டைக் கோயிற்காடுகளும் அவற்றில் வாழும் நாட்டு உயிரினங்களும்)

புதுக்கோட்டை மாவட்டத்தில் காடு உண்டா என்று வெளியூர் நண்பர் ஒருவர் வினவினால் நம்மில் பலர் தைலமரத் தோப்புகளையே கைகாட்டுவோம். மலைத்தொடரும் வற்றாத ஆறும் இல்லாத மாவட்டம் இது. வெள்ளாறும் அக்கினியாறும் வில்லுன்னியாறும் மழைக்காலத்தில் ஓடி, கோடையில் மணலாகக் கிடப்பவை. செம்மண்ணும் செம்புரைக்கல்லும் முந்திரியும் கண்மாயுமே நம் கண்ணுக்குப் பழகியவை. ஆயினும் இந்தியாவின் மிக அரிய காட்டு வகைகளுள் ஒன்று நம் ஊர்களின் ஓரத்திலேயே, அய்யனார் கோயிலின் பின்புறத்தில், சில ஏக்கர் பரப்பில் இன்றும் பிழைத்துக் கிடக்கிறது. அதனை வனத்துறை நட்டதில்லை. பெரும்பாலான இடங்களில் வனத்துறைக்கு உரியதும் இல்லை. ஊராரே காத்தனர். அவ்வாறு தனியார் நிலத்திலும் ஊர்ப்பொது நிலத்திலும் காக்கப்பட்ட காட்டின் இயல்பையும், அதன் இன்றைய நிலையையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காட்டின் இயல்பு

தாவரவியலார் இக்காட்டை வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்பர். இந்தியக் காடுகளை வகைப்படுத்தி 1968-ஆம் ஆண்டு சாம்பியன், சேத் ஆகிய இருவரும் வெளியிட்ட நூலில் இது தனி வகையாகவே வைக்கப்பட்டுள்ளது. பெயரிலேயே ஒரு முரண்பாடு இருப்பதைக் காணலாம். பசுமைமாறாக் காடு என்றால் ஆண்டுதோறும் இரண்டாயிரம் மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் மேற்குத் தொடர்ச்சி மலை நம் நினைவுக்கு வரும். இங்கோ ஆண்டு மழை சுமார் 900 மில்லிமீட்டர்தான். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. ஆறு மாதத்திற்கும் மேலாக வறட்சி. இத்தகைய நிலத்தில் கோடையில் இலையுதிர்த்து நிற்கும் மரங்களே இருக்க வேண்டும் என்பது பொது விதி. ஆனால் சித்திரை வெயிலில் ஒரு கோயிற்காட்டுக்குள் நுழைந்து பாருங்கள். தலைக்கு மேல் கரும்பச்சைக் கூரை விரிந்திருக்கும்.

இதன் மரங்கள் உயரமானவை அல்ல. இருபத்தைந்து, முப்பது அடியில் கூரை மூடிவிடும். இலை சிறிது, தடிப்பு மிகுதி, மேல்தோல் மெழுகு பூசியது போன்றது. நீரை எளிதில் விடுவதில்லை. வளர்ச்சி மிக மெதுவானது. தைலமரம் ஏழெட்டு ஆண்டில் வெட்டுக்கு வரும். நம் பாலை மரம் அந்த வயதில் ஆள் உயரத்தைத் தாண்டியிருந்தாலே பெரிது.

பாலை, வீரை, காசா ஆகிய மூன்றும் இக்காட்டின் அடையாள மரங்கள் எனலாம். பாலை என்பது தாவரவியலில் மனில்காரா எக்சாண்ட்ரா. இதன் மஞ்சள் நிறப் பழத்தை நம் பாட்டிமார் தின்றிருப்பர். பால் பிசின் உதட்டில் ஒட்டிக்கொள்ளும். வீரை என்பது டிரைபீட்டிஸ் செப்பியேரியா; அடிமரம் நெளிந்து, பள்ளம் விழுந்து, முறுக்கிய கயிறு போலக் காணப்படும். காசா நீலப்பூ பூக்கும் சிறுமரம். இவற்றோடு இரும்புலி, காட்டெலுமிச்சை, நாவல், உசிலை, வெப்பாலை, அழிஞ்சில், காரை ஆகியவையும், அடியில் களா, சூரை, சங்கஞ்செடி, ஈஞ்சு ஆகிய புதர்களும், மேலே ஆதொண்டை, பிரண்டை, குன்றிமணி முதலிய கொடிகளும் பின்னிக் கிடக்கும். கொடி இக்காட்டின் குப்பையன்று. மரத்திற்கு மரம் பாலம் அமைப்பது கொடிதான். இதனைப் பின்னர் தேவாங்கைப் பற்றிப் பேசும்போது மீண்டும் காண்போம்.

சோழமண்டலக் கரையை ஒட்டிய குறுகிய நிலப்பரப்பிலும், இலங்கையின் வடக்கு, வடகிழக்குப் பகுதிகளிலும் இவ்வகைக் காடு காணப்படுகிறது. வன்னியில் வாழும் தமிழரும் இம்மரங்களைப் பாலை, வீரை என்றே அழைக்கின்றனர். கடல் பிரித்தும் மரமும் பெயரும் ஒன்றாக நிற்பது வியப்புக்குரியது. தமிழகத்துச் சமவெளித் தாவரங்களை ஊர் ஊராகச் சென்று திரட்டியவர் திருச்சி தூய வளனார் கல்லூரியின் இராபினட் தாவரகத்தைச் சேர்ந்த அருள்தந்தை மேத்யூ. 1980-களில் வெளிவந்த அவருடைய கர்நாடகச் சமவெளித் தாவர நூலில் நம் மாவட்டத்துச் செடிகளும் இடம்பெற்றுள்ளன. பின்னர் புதுவைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மறமடக்கி, சண்முகநாதபுரம் முதலிய நம் ஊர்க் காடுகளில் மரங்களை ஒவ்வொன்றாக அளந்து கட்டுரைகள் வெளியிட்டனர். உலக ஆய்விதழ்களில் மறமடக்கியின் பெயர் அச்சாகியிருக்கிறது என்பது மறமடக்கியில் எத்தனை பேருக்குத் தெரியுமோ!

வேட்டைக்காடும் கோயிற்காடும்

தொண்டைமான் மன்னர்களின் ஆட்சியில் புதுக்கோட்டைச் சமஸ்தானக் காடுகள் பலவும் அரசரின் வேட்டைக்குரியனவாக இருந்தன. ஒருவகையில் அவையும் தனியார் காப்பகங்களே. வேட்டைக்காகக் காத்தாலும், காத்ததனால் காடு எஞ்சியது என்பதை மறுப்பதற்கில்லை. 1948-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்துடன் இணைந்தபின் அக்காடுகள் அரசின் கைக்கு வந்தன. 1974-ஆம் ஆண்டு சனவரி 14 அன்று புதுக்கோட்டை தனி மாவட்டமாயிற்று. அதே 1974-இல் திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்டு தமிழ்நாடு வனத்தோட்டக் கழகம் தொடங்கப்பட்டது. காகித ஆலைகளுக்கு மரக்கூழ் வேண்டும். அதற்குத் தைலமரம் வேண்டும். அதற்கு நிலம் வேண்டும். புதர்க்காடு என்று ஏட்டில் எழுதப்பட்ட நிலங்கள் பல இவ்வாறு தைலமரத் தோட்டங்களாயின. தோட்டத்துள் வெட்டிய வரப்பும் குழியும் மழைநீரைத் தடுத்துக் கண்மாய்க்கு வரவிடுவதில்லை என்று நம் உழவர்கள் நெடுங்காலமாகக் குறை கூறி வருகின்றனர்.

மன்னரின் காடு போயிற்று. அய்யனாரின் காடு சிறிதேனும் நின்றது. ஏன் என்று ஆராய்ந்தால் உரிமையின் தன்மையே காரணம் எனத் தோன்றுகிறது. வேட்டைக்காட்டுக்கு உரியவர் ஒருவர். அவர் மாறியதும் நோக்கமும் மாறிவிட்டது. கோயிற்காட்டுக்கு உரியவர் மாறுவதே இல்லை. நம் நாட்டுச் சட்டத்தின்படி தெய்வத் திருமேனி சொத்து வைத்துக்கொள்ளும் உரிமையுடைய சட்ட ஆள். ஆனால் தன் காரியத்தைத் தானே நடத்திக்கொள்ள இயலாமையால் என்றும் மைனராகவே கருதப்படுகிறது. ஊர் முழுவதற்கும் இரவில் காவல் சுற்றும் அய்யனார் நீதிமன்றத்தின் முன் மைனர்! அந்த மைனரின் சொத்தை விற்கவோ நீண்ட குத்தகைக்கு விடவோ வேண்டுமாயின் 1959-ஆம் ஆண்டின் அறநிலையச் சட்டத்தின் 34-ஆம் பிரிவுப்படி ஆணையரின் அனுமதி வேண்டும். சமஸ்தானக் காலத்துக் கோயில்கள் பல புதுக்கோட்டைத் தேவஸ்தானத்தின் நிருவாகத்தில் உள்ளன. வேறு பல சிறு கோயில்கள் பரம்பரை அறங்காவலரிடமோ, ஒரு பங்காளிக் கூட்டத்திடமோ உள்ளன. இன்னும் சிலவற்றில் கோயில் மட்டும் ஊருடையது, சுற்றியுள்ள மரமெல்லாம் வருவாய்த்துறை ஏட்டில் புறம்போக்கு. இக்கடைசி வகையே மிகவும் அபாயத்தில் உள்ளது. ஊரார் தம்முடையது என்று நம்பியிருக்கும் காடு, கட்டடத்திற்கு இடம் தேடும் நாளில் தரிசு நிலமாகிவிடுகிறது.

காவல் நடந்த விதம்

காவலாள் இல்லை, வேலி இல்லை. ஆயினும் காவல் நடந்தது. காட்டின் எல்லையிலேயே செருப்பைக் கழற்றிவிட வேண்டும். பச்சை மரத்தில் கத்தி படக்கூடாது. காய்ந்து விழுந்த சுள்ளியைக்கூட வீட்டுக்கு எடுத்துச் செல்லலாகாது; அங்கேயே பொங்கல் வைக்க மட்டும் பயன்படுத்தலாம். சில ஊர்களில் புரவி எடுப்பு நடக்கும் ஆண்டில் மட்டும் பாதை செதுக்குவர். மற்ற ஆண்டுகளில் பாதையையும் காடு மூடிக்கொள்ளும். மண்குதிரை செய்பவர் வேளார். பல அய்யனார் கோயில்களில் பூசை செய்பவரும் அவரே. குதிரைக்குரிய மண் கண்மாயிலிருந்து வருகிறது. பழைய குதிரை உடைந்தால் அகற்றுவதில்லை; மழையில் கரைந்து காட்டு மண்ணோடு சேர்கிறது.

தெய்வத்தின் பெயர்களிலும் மரம் இருக்கிறது. கீரமங்கலத்திற்கு அருகில் குளமங்கலத்தில் வில்லுன்னி ஆற்றங்கரையில் எழுந்தருளியிருப்பவர் பெருங்காரையடி மீண்ட அய்யனார். காரை மரத்தடியில் இருந்தவர் என்பது பெயரிலிருந்தே விளங்கும். அங்குள்ள 33 அடி உயரக் குதிரைச் சிலைக்கு மாசிமகத்தன்று காகிதப்பூ மாலைகள் ஆயிரக்கணக்கில் குவிவதை நம்மில் பலர் கண்டிருப்போம். பாலையடி கருப்பர், ஆலடி கருப்பர் என்றெல்லாம் பிற ஊர்களிலும் வழங்குவதைக் காணலாம். மரத்தை வெட்டினால் தெய்வத்தின் முகவரியே அழிந்துவிடும் என்ற உணர்வு முன்னோரிடம் இருந்தது.

இதனைப் பொற்காலம் என்று போற்ற இக்கட்டுரையாளர் விரும்பவில்லை. காவலின் வேர் பெரும்பாலும் அச்சமே. கண் போய்விடும், கால் முடங்கிவிடும் என்று சொல்லியே பிள்ளைகளை வளர்த்தனர். பெண்கள் நுழையலாகாத காடுகளும், குறிப்பிட்ட சாதியார் எல்லைக்கு வெளியே நிற்க வேண்டிய காடுகளும் இருந்தன. அந்த அச்சத்தையும் அந்த வேற்றுமையையும் நாம் மீட்டெடுக்க வேண்டியதில்லை. ஆயின் அவற்றோடு சேர்த்துக் காட்டையும் இழந்துவிடலாமா என்பதுதான் வினா.

அங்கு வாழ்வன

சில ஏக்கர் காட்டில் புலியும் யானையும் இரா. ஆனால் சமவெளிக்கே உரிய சிற்றுயிர்களுக்கு இதுவே கடைசிப் புகலிடம். நட்சத்திர ஆமை, உடும்பு, முள்ளெலி, மரநாய், புனுகுப்பூனை, கீரி, காட்டுமுயல், நரி, நல்லபாம்பு, கண்ணாடி விரியன் ஆகியவற்றை இப்பகுதிப் புதர்க்காடுகளில் காணலாம். அலங்கு எனப்படும் எறும்புதின்னியைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்கலாமே தவிர, கண்ணால் காண்பது அரிது. நட்சத்திர ஆமையை வீட்டில் வளர்த்தால் செல்வம் சேரும் என்ற மூடநம்பிக்கையால் அதனைப் பிடித்துக் கடத்துகின்றனர். 2019-இல் பன்னாட்டு வாணிக ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் சேர்க்கப்பட்டு அதன் வணிகம் தடை செய்யப்பட்டது. பறவைகளில் கௌதாரி, செம்போத்து, மாங்குயில், சின்னான் ஆகியவை நிலையாக உள்ளவை. ஆறுமணிக் குருவி எனும் வண்ணப் பறவை இமயமலை அடிவாரக் காடுகளிலிருந்தும் நடு இந்தியாவிலிருந்தும் குளிர்காலத்தில் இங்கு வந்து, உதிர்ந்த இலைச்சருகைக் கிளறிப் புழு தேடும். சருகு இல்லாத இடத்தில் அதற்கு வேலை இல்லை.

தேவாங்கைச் சற்று விரிவாகக் கூற வேண்டும். கால் கிலோ எடையளவே உள்ள இச்சிறு விலங்கு குரங்கினத்தின் தொலை உறவு. பகலில் கொடிப்பின்னலுக்குள் சுருண்டு உறங்கும். இரவில் பெரிய கண்களைக் கொண்டு பூச்சி தேடும். பயிரைத் தின்பதில்லை, யாருக்கும் தீங்கு செய்வதில்லை. ஆனால் இதற்குத் தாவத் தெரியாது. கிளையிலிருந்து கிளைக்குக் கைமாற்றிக் கைமாற்றியே நகரும். இரு மரங்களுக்கிடையே கொடியோ கிளையோ தொடவில்லையென்றால் தரையிறங்கித்தான் கடக்க வேண்டும். தரையில் நாய் இருக்கிறது. சாலையில் லாரி இருக்கிறது. எனவே கோயிற்காட்டின் நடுவே இருபதடி அகலத்தில் ஒரு தார்ச்சாலை போட்டால், நம் கணக்கில் சில மரங்கள்தான் போயின. தேவாங்கின் கணக்கில் உலகம் இரண்டாகப் பிளந்துவிட்டது. மாந்திரீகம் செய்வோரும் குறி சொல்வோரும் இதனைப் பிடித்து வதைத்த கொடுமை வேறு. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இது முதல் பட்டியலில் உள்ளது. 2022-ஆம் ஆண்டு அக்டோபரில் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூர்ப் பகுதியின் 11,806 எக்டேர் காடு தேவாங்குக்கென்றே சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இந்தியாவில் இதுவே முதலாவது. நம் மாவட்டத்துக்கு வடமேற்கே நெடுந்தூரம் இல்லை.

காட்டுக்கும் விலங்குக்கும் உள்ள கொடுக்கல் வாங்கல் நுட்பமானது. பாலை, நாவல், களா, காரை ஆகியவற்றின் பழத்தை மரநாயும் பறவையும் பழந்தின்னி வௌவாலும் தின்று, விதையை வேறிடத்தில் இடுகின்றன. தாய்மரத்தடியில் விழுந்த விதைக்கு நிழலும் போட்டியும் மிகுதி. பெயர்ந்து சென்ற விதைக்கே வாழ்வு. வௌவாலை நெடுங்காலம் சட்டமே தீங்குயிர் என்று பட்டியலிட்டு வைத்திருந்தது. 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் அப்பட்டியல் நீக்கப்பட்டது. சட்டத்தைவிடச் சில ஊர்கள் முந்திக்கொண்டன. அண்டை மாவட்டமாகிய சிவகங்கையில் வேட்டங்குடிக் கண்மாயை அடுத்த கொள்ளுகுடிப்பட்டி மக்கள், வந்து தங்கும் பறவைகள் மிரளாதிருக்கத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. வேட்டங்குடி 1977-இல் சரணாலயமாயிற்று. மக்களின் வழக்கம் அதற்கும் முந்தியது. நம் விராலிமலை மயில்களுக்கும் முருகன் கோயில்தான் முதற்காவல்.

தேய்வு

கோயிற்காட்டை அழிப்பவர் யார்? விறகு வெட்டுவோர் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். சமையல் எரிவாயு வந்தபின் அத்தொல்லை பெருமளவு குறைந்துவிட்டது. ஆடு மாடு மேய்ச்சல் இன்னும் உண்டு. கன்றுகளை ஆடு கடித்துவிடுவதால் முதிய மரம் இருக்கும், இளமரம் இராது. ஓரங்களில் சீமைக்கருவேலும் உண்ணிச்செடியும் புகுகின்றன. இவையெல்லாம் உண்மைதான். ஆனால் எம் கண்ணுக்குப் பட்ட பெரிய அழிவு பக்தியின் பெயராலேயே நடக்கிறது.

வெளியூரிலும் வெளிநாட்டிலும் பொருளீட்டிய ஊர்மக்கள் குலதெய்வத்திற்குச் சிறப்புச் செய்ய விரும்புகின்றனர். அவ்விருப்பம் போற்றத்தக்கது. வெட்டவெளியில் மழை நனைந்திருந்த அய்யனாருக்குக் கோபுரம் எழுகிறது. கோபுரத்திற்குச் சுற்றுச்சுவர் வேண்டும்; சுவருக்குள் சிமெண்டுத் தளம் வேண்டும்; குடமுழுக்குக்கு வரும் கூட்டத்திற்குப் பந்தல் போட இடம் வேண்டும்; கார் நிறுத்த இடம் வேண்டும்; அன்னதானக் கூடம் வேண்டும். ஒவ்வொன்றும் பத்துப் பதினைந்து சென்டுதான். பின்னர், புதர் இருந்தால் பாம்பு வரும் என்று அடிக்காட்டைச் செதுக்குகின்றனர். சருகைக் கூட்டி எரிக்கின்றனர். உயர்ந்த மரங்கள் மட்டும் நிற்கும். அதனைக் கண்டு ‘காடு சுத்தமாக இருக்கிறது’ என்று மகிழ்கின்றனர். அது காடு அன்று. மரங்கள் நிற்கும் மைதானம்.

எம் வகுப்பினர் சென்ற ஒரு கோயிலில் வயது முதிர்ந்த வேளாரிடம், “ஐயா, முன்பு இங்கே காடு எதுவரை இருந்தது?” என்று கேட்டோம். “தம்பி, இப்ப நீங்க நிக்கிற இந்தத் தளத்துக்கு அடியில ரெண்டு வீரை கெடக்கு” என்றார். வருத்தமாகச் சொன்னாரா, வெறுமனே சொன்னாரா என்று எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. புதிய மண்டபத்தையும் அவரே பெருமையோடு சுற்றிக் காட்டினார்.

‘பத்துச் சென்டுதானே’ என்பதற்கு ஒரு கணக்கைக் கூற விரும்புகிறோம். ஒரு எக்டேர் சதுரக் காடு என்றால் பக்கத்திற்கு நூறு மீட்டர். வெயிலும் காற்றும் ஆடும் நுழையும் ஓரப்பகுதி இருபத்தைந்து மீட்டர் என்று கொள்வோம். நான்கு புறமும் கழித்தால் உள்ளே எஞ்சுவது ஐம்பதுக்கு ஐம்பது மீட்டர், அதாவது கால் எக்டேர். முக்கால் பங்கு ஓரமே! இனி நடுவில் பத்து மீட்டர் அகலப் பாதை ஒன்று குறுக்கே செல்வதாகக் கொள்வோம். பாதையின் இருபுறமும் இருபத்தைந்து மீட்டர் ஓரமாகிவிடும். உட்காடு என்று சொல்ல ஒன்றுமே எஞ்சாது. பாதை எடுத்துக்கொண்ட நிலம் பத்தில் ஒரு பங்குதான். அழிந்தது முழு உட்காடு. சிறிய காட்டுக்குச் சிறிய வெட்டும் பெரிய வெட்டே.

இன்னொன்று. மரம் நடுவோம் என்ற நல்ல இயக்கம் இப்போது வலுப்பெற்றுள்ளது. 2022-இல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம் மாநிலப் பரப்பில் 33 விழுக்காட்டைப் பசுமையாக்குவதை இலக்காகக் கொண்டது. ஊர்தோறும் மியாவாக்கி முறையில் நெருக்கமாக மரம் நடுகின்றனர். வரவேற்கிறோம். ஆனால் ஒரு தெருவில் மியாவாக்கிக் காட்டுக்குத் தொடக்கவிழா நடக்க, அடுத்த தெருவில் முந்நூறு ஆண்டுக் கோயிற்காட்டில் பொக்லைன் நிற்பதைக் காணும்போது சிரிப்பதா அழுவதா? நாற்றங்காலில் புங்கம், வேம்பு, நீர்மருது, மகாகனி கிடைக்கும். வீரைக் கன்று கேட்டால், அது என்ன மரம் என்று நம்மையே திருப்பிக் கேட்பர்.

பிற நாடுகளில்

எத்தியோப்பிய நாட்டின் வடபகுதியில் இயற்கைக் காடு பெரும்பாலும் விளைநிலமாகிவிட்டது. எஞ்சியிருப்பவை அந்நாட்டுப் பழைமையான கிறித்தவத் தேவாலயங்களைச் சுற்றியுள்ள சிறு வட்டக் காடுகள். வானிலிருந்து எடுத்த படத்தில் பழுப்பு வயல்களிடையே பச்சைப் பொட்டுகளாகத் தெரியும். அலெமாயெகு வாசி என்ற அந்நாட்டு அறிஞரும் மார்கரெட் லோமன் என்ற அமெரிக்கச் சூழலியலாரும் குருமார்களோடு பேசி, வயலில் கிடந்த கற்களைக் கொண்டே காட்டைச் சுற்றி மதில் எழுப்பச் செய்தனர். வயலும் திருந்தியது, ஆடு மாடும் நுழையவில்லை, கன்றுகள் தலையெடுத்தன. நம் ஊரில் மதில் கோயிலைச் சுற்றி எழுகிறது. அங்கே காட்டைச் சுற்றி எழுந்தது. வேறுபாடு அவ்வளவே.

சப்பானியத் தலைநகர் தோக்கியோவின் நடுவே மெய்சி ஆலயக் காடு உள்ளது. 1920-இல் ஆலயம் அமைந்தபோது மக்கள் நன்கொடையாகக் கொடுத்த ஏறத்தாழ ஒரு இலட்சம் மரங்களைக் கொண்டு நடப்பட்ட காடு அது. பரப்பு 70 எக்டேர். மனிதர் கைபடாமல் தானே தன்னை வளர்த்துக்கொள்ளும் காடாக அது மாற நூற்றைம்பது ஆண்டு ஆகும் என்று கணக்கிட்டுத் திட்டமிட்டனர். பாதையில் விழும் சருகை நாள்தோறும் கூட்டுவோர் உண்டு. ஆனால் கூட்டிய சருகு முழுவதையும் காட்டுக்குள்ளேயே திரும்பக் கொட்டுகின்றனர். ஒரு தீக்குச்சியும் செலவில்லாத இச்செயலை நம் ஊரில் நாளையே செய்யலாம்.

நியூசிலாந்தில் 1977-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எலிசபெத் அரசி பெயரில் ஓர் அறக்கட்டளை உள்ளது. நிலவுடைமையாளர் தம் நிலத்திலுள்ள இயற்கைக் காட்டைக் காப்பதாக அதனுடன் உடன்படிக்கை எழுதிக்கொள்ளலாம். நிலம் அவருடையதாகவே இருக்கும். ஆனால் விற்றாலும் பிள்ளைகளுக்குப் போனாலும் உடன்படிக்கை நிலத்தோடேயே செல்லும். நம் தமிழ்நாட்டிலேயே 1968-இல் தோன்றிய ஆரோவில்லில், செம்மண் அரித்துக் கிடந்த மேட்டு நிலத்தில் அங்குள்ளோர் இதே உலர் பசுமைமாறாக் காட்டை விதையிலிருந்து மீண்டும் வளர்த்திருக்கின்றனர். விதைக்கு அவர்கள் போய் நின்ற இடங்களுள் கோயிற்காடுகளும் உண்டு.

சட்டம் தரும் வழி

வனவிலங்குச் சட்டத்தில் 2002-ஆம் ஆண்டுத் திருத்தம் இரு புதிய வாயில்களைத் திறந்தது. 36-அ பிரிவின்படி அரசு நிலத்தைப் பாதுகாப்பு ஒதுக்ககமாக அறிவிக்கலாம். 36-இ பிரிவின்படி தனியாரோ ஒரு சமுதாயமோ தாமாக முன்வந்து தம் நிலத்தைச் சமுதாயக் காப்பகமாக அறிவிக்கச் செய்யலாம். உரிமை கைமாறுவதில்லை, ஊரார் அடங்கிய குழுவே மேலாண்மை செய்யும், அறிவித்தபின் நிலப் பயன்பாட்டை மட்டும் எளிதில் மாற்ற இயலாது. சிறிய இடத்திற்கு இதெல்லாம் பொருந்துமா என்று ஐயுறுவோர் திருநெல்வேலி மாவட்டத்துத் திருப்புடைமருதூரை நோக்குக. தாமிரபரணிக் கரையில் கோயிலை ஒட்டிய மருத மரங்களில் தங்கும் பறவைகளுக்காக 2005-இல் பாதுகாப்பு ஒதுக்ககம் அமைந்தது. பரப்பு 2.84 எக்டேர் மட்டுமே! ஊரார் விரும்பிக் கேட்டதன் பேரில் அமைந்தது அது.

2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டத்தின் 37-ஆம் பிரிவு மற்றொரு வழி. அதன்படி 2022 நவம்பரில் மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி தமிழகத்தின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாயிற்று. 2025 மார்ச்சில் திண்டுக்கல் மாவட்டத்துக் காசம்பட்டி வீரகோயில் காடு இரண்டாவதாக அறிவிக்கப்பட்டது, பரப்பு 4.97 எக்டேர். அதுவும் நம்முடையதைப் போன்ற கோயிற்காடே. 2024 டிசம்பர் 18 அன்று உச்சநீதிமன்றம் இராசத்தான் மாநிலக் கோயிற்காடுகள் பற்றிய வழக்கில், அவற்றை அளந்து வரைபடமாக்கிக் காக்கவும், 36-இ பிரிவின்கீழ்ச் சமுதாயக் காப்பகங்களாக அறிவிக்கவும் வழிகாட்டியது. கதவுகள் திறந்தே உள்ளன. நுழைவதற்குத் தேவையானது ஊர்க்கூட்டத்தின் தீர்மானமும், புல எண்ணோடு கூடிய தெளிவான எல்லையும், அங்கு என்னென்ன உள்ளன என்ற பட்டியலும்.

நம்மால் இயல்வது

அந்தப் பட்டியல் இடத்தில்தான் கல்லூரி வருகிறது. ஊராரிடம் பக்தி இருக்கிறது, சட்டத்தில் இடம் இருக்கிறது. நடுவில் எழுத்து இல்லை. தாவரவியல், விலங்கியல் மாணவர்கள் ஆண்டுக்கு ஒரு கோயிற்காடு என்று எடுத்துக்கொண்டு, பத்து மீட்டர் சதுரக் கட்டங்கள் அமைத்து மரங்களின் பெயரையும் மார்பளவுச் சுற்றளவையும் குறிக்கலாம். கன்றுகளைத் தனியே எண்ண வேண்டும். கன்று இல்லாத காடு முடிவை நோக்கிச் செல்லும் காடு. வரலாறு, தமிழ்த்துறை மாணவர்கள் கோயில் வரலாற்றையும் மரத்தோடு சேர்ந்த வழக்குகளையும் முதியோரிடம் கேட்டு எழுதலாம். கிராம நிருவாக அலுவலரிடம் புல எண்ணையும், அடங்கல் பதிவில் நிலத்தின் வகையையும் பார்த்துவிட்டால், அக்காடு யாருடைய பெயரில் இருக்கிறது என்ற அடிப்படை வினா தீர்ந்துவிடும். அது புறம்போக்கு என்று தெரிய வந்தால், ஊரார் விரைந்து செயற்பட வேண்டிய காடு அதுவே.

திருப்பணிக் குழுவினரிடம் செல்லும்போது ‘கட்டாதீர்கள்’ என்று சொல்லிப் பயனில்லை. எங்கே கட்டலாம் என்று சொல்ல வேண்டும். மண்டபமும் வண்டி நிறுத்துமிடமும் காட்டின் ஒரே ஓரத்தில், சாலைப் பக்கமாக அமையட்டும். நடுவே பாதை வேண்டாம். பாதை இன்றியமையாதது என்றால் தளம் போடாமல், மேலே கிளைகள் கூடுமாறு குறுகலாக இருக்கட்டும். தேவாங்கு மேலே போகும், நாம் கீழே போவோம். குழல் விளக்கும் ஒலிபெருக்கியும் திருவிழா நாளோடு நிற்கட்டும். சருகைக் கூட்டினால் காட்டுக்குள் தள்ளட்டும்.

வீரை, பாலை, காசாக் கன்றுகளை நாமே வளர்க்க வேண்டும். பாலைப்பழம் கோடையின் கடைசியில் பழுக்கும். உதிர்ந்த பழத்தின் சதையைக் கழுவி நீக்கி, காயவிட்டுக் கிடத்தாமல் அப்போதே செம்மண், மணல், மக்கிய சருகு கலந்த பையில் ஊன்றுவது நன்று. நிழல் வேண்டும், நீர் தேங்கலாகாது. காட்டில் உள்ள விதை முழுவதையும் பொறுக்கி வந்துவிடலாகாது. மரநாய்க்கும் சின்னானுக்கும் பங்கு விட வேண்டும். ஓராண்டில் கன்று ஒரு சாண் உயரம் வந்தால் போதும். தாவரவியல் துறைக்குப் பின்னால் கிணற்றடியில் வேப்ப மரத்து நிழல் இருக்கிறது. இருநூறு பைகள் வைக்க அந்த இடம் தாராளமாகக் கொள்ளும்.